கொல்லாமல் காணும் கலை



செய்யூரில் நான் ஆசிரியையாகப் பணியாற்றிய நாளில், கரும்பலகையில் ஒருமுறை நத்தைகுத்தி நாரையை வரைந்தேன். மாணவி ஒருத்தி எழுந்து, "டீச்சர், அதன் அலகு இப்படி மூடாதே! நடுவில் சந்து இருக்குமே!" என்றாள். அவள் வயல்வரப்பில் நாள்தோறும் கண்டவள். நானோ நினைவிலிருந்து வரைந்தவள். அவள் கூற்றே மெய். வளர்ந்த நாரையின் அலகுகள் அடியிலும் நுனியிலும் பொருந்தி, இடையில் விலகி நிற்கும். குஞ்சுக்கு அவ்விடைவெளி இராது. வளர வளரவே தோன்றும்.

அன்று நான் கற்ற பாடம் இது: அறிவியல் ஓவியம் என்பது கண்டதைக் கண்டவாறு உரைக்கும் வாய்மை. தலையைப்போல் அலகு எத்தனை மடங்கு நீளம், விரல்கள் எத்திசை நோக்கியவை, இறகுகள் எவ்வரிசையில் அடுங்கியுள்ளன என்பவற்றை அளந்து அமைத்தல் வேண்டும். புகைப்படம் ஒரு பறவையை ஒரு கணத்தின் ஒளியில் காட்டும். ஓவியமோ பல பறவைகளை நோக்கி, அவ்வினத்துக்குரிய அடையாளங்களைத் தொகுத்துக் காட்டும். ஆதலின் பறவை நூல்களில் இன்றும் ஓவியங்கள் இடம்பெறுகின்றன.

ஆயினும் இக்கலையின் வரலாற்றில் நம்மை வருத்தும் செய்தி ஒன்றுண்டு. அமெரிக்கப் பறவைகளை முழு அளவில் வரைந்து, 1827 முதல் 1838 வரை வெளியிட்ட ஆடுபான், அவற்றைச் சுட்டுக் கம்பிகளால் நிறுத்தியே வரைந்தார். அவருக்கு முன்னரே, நீதிபதி ஒருவரின் மனைவியாக 1801இல் சென்னைக்கு வந்து 1807இல் இங்கேயே மறைந்த எலிசபெத் குவில்லிம் அம்மையார், பறவை பிடிப்போர் கொணர்ந்தவற்றைப் பெரும்பாலும் உயிருடன் கண்டே வரைந்தார். நூறாண்டுக்கு மேல் அறியப்படாதிருந்த அவ்வோவியங்கள் 1920களில் லண்டனில் கிடைத்தன. நூற்றுக்கும் மேற்பட்டவை இன்று கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் உள்ளன.

அம்மையாரின் வழி மேலானதே. எனினும், பிடிபட்ட பறவை அஞ்சி நடுங்கியிருக்கும் அன்றோ? கொல்லாமை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தனுள் கட்டி வைத்தலும் ஒன்று என நாம் கற்றிருக்கிறோம். இன்று தொலைநோக்கி இருக்கிறது. கட்டாமலும் துரத்தாமலும் விலகி நின்றே வரையலாம்.

பெற்றோர்களே, விடுமுறையில் குழந்தைகளை ஏரிக்கரைக்கோ, ஊரார் தலைமுறைகளாகக் காத்துவரும் வேடந்தாங்கலுக்கோ அழைத்துச் செல்லுங்கள். கூட்டை நெருங்க வேண்டா. உரக்கப் பேச வேண்டா.

பயிற்சி:

1. ஒரே பறவையைப் பத்து நிமிடம் வரையாமல் நோக்குக.

2. உடலை முட்டை வடிவாகவும் தலையை வட்டமாகவும் மெல்லிய கோட்டில் குறித்து, அளவுகளை ஒப்பிடுக.

3. அலகையும் காலையும் வரைந்தபின் இறகுத் தொகுதிகளை அமைக்க, வண்ணம் இறுதியிலேயே.

4. நாள், இடம், பறவையின் செயல் ஆகியவற்றை ஓரத்தில் எழுதுக. காணாத உறுப்பை ஊகித்து வரையாது வெற்றிடமாக விடுக.

அவ்வெற்றிடத்திற்கும் மதிப்பெண் உண்டு எனக் குழந்தையிடம் சொல்லுங்கள். அறியாததை அறிந்ததாகக் காட்டாமையும் வாய்மையே.