கொல்லைக் குட்டை மீனுக்கு நோய் வராமலிருக்க

கொல்லையிலோ வயல் மூலையிலோ ஐந்தாறு சென்ட்டில் குட்டை வெட்டி, கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வாங்கி விட்டவர்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நாலு மீன் செத்து மிதந்ததும் கடைக்கு ஓடி ஏதாவது ஒரு பொடியை வாங்கிக் கொட்டுவதுதான் வழக்கமாக இருக்கிறது. கிருமி எந்தக் குட்டையிலும் எப்போதும் இருக்கும். தண்ணீர் கெட்டு மீன் சோர்ந்து போகிற நாளில்தான் அது மேலே ஏறும். அதனால் இந்தக் குறிப்புகளில் மருந்தைவிடத் தண்ணீரைப் பற்றித்தான் பேச்சு அதிகம்.

1. செத்தது நோயாலா, மூச்சுத் திணறியா என்று முதலில் பாருங்கள். விடியற்காலையில் மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது நோய் இல்லை, தண்ணீரில் பிராணவாயு இல்லை. பகலில் பிராணவாயு தரும் பாசியே இரவில் அதை இழுத்துக்கொள்ளும். மேகமூட்டமாக இருந்த நாளுக்கு மறுநாள் விடியலில் இது அதிகம். பிராணவாயுக் குறைவில் பெரிய மீன்கள்தான் முதலில் போகும், அதுவும் ஒரே ராத்திரியில். நோய் என்றால் இன்று இரண்டு, நாளை நாலு என்று போகும். மீன் மேலே வந்ததைக் கண்டால் உடனே மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை உயரத்திலிருந்து கொட்டவிடுங்கள். அன்றைக்குத் தீவனம் வேண்டாம்.

2. பாசி அளவு பார்க்கக் கையே போதும். நிழல் விழாத இடத்தில் கையை நேராகத் தண்ணீருக்குள் இறக்குங்கள். மணிக்கட்டு முங்கும்போதே விரல் நுனி மறைந்தால் பாசி மிஞ்சிவிட்டது. சாணம் போடுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள். முழங்கை முங்கிய பிறகும் விரல் தெளிவாகத் தெரிந்தால் மீனுக்கு இயற்கைத் தீனி போதாது. இரண்டுக்கும் நடுவில் மறைவதுதான் நல்ல தண்ணீர்.

3. குட்டையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று கணக்குப் போட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, வந்த எண்ணை 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர். 60 அடி நீளம், 40 அடி அகலம், 5 அடி ஆழம் என்றால் சுமார் 3 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர். அதற்கு ஒரு பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு, என்பது 340 கிராம். இந்தக் கணக்கு இல்லாமல் ‘ஒரு கை’, ‘ரெண்டு கை’ என்று மருந்து தூவினால், குறைந்தால் வீண், கூடினால் விஷம்.

4. கோடையில் குட்டை வற்றினால் அதைவிட நல்ல வைத்தியம் இல்லை. அடிமண் வெடிப்பு விடும் வரை காயட்டும். கறுப்புச் சேற்றை வழித்து எடுங்கள். பிறகு சென்ட்டுக்கு ஒரு கிலோ கணக்கில் சுண்ணாம்பு தூவுங்கள். வற்றாத குட்டையில் குறவை, கெளுத்தி ஒளிந்திருந்து குஞ்சைத் தின்னும், நோயையும் தாங்கி வைத்திருக்கும். தண்ணீரை முடிந்த வரை குறைத்துவிட்டு, சென்ட்டுக்கு ஒரு மீட்டர் ஆழத்துக்கு 10 கிலோ இலுப்பைப் புண்ணாக்கு ஊறவைத்துத் தெளித்தால் அவை மயங்கி மேலே வரும். பிடித்துக் குழம்பு வைக்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் மூன்று வாரம் போன பிறகுதான் குஞ்சு விட வேண்டும். அதற்குள் புண்ணாக்கே உரமாகிவிடும்.

5. குஞ்சு வந்த பையைக் கால் மணி நேரம் அப்படியே குட்டையில் மிதக்கவிட்டு, பிறகு குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்துப் பழக்குங்கள். 10 லிட்டர் தண்ணீரில் 200 கிராம் கல்லுப்பு கரைத்து, அதில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து விடுங்கள். குஞ்சு சாயத் தொடங்கினால் உடனே எடுத்துவிட வேண்டும். பைத் தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றுங்கள், குட்டைக்கு வேண்டாம்.

6. மழை முடிந்து குளிர் இறங்கும் கார்த்திகை, மார்கழிதான் புண் நோயின் காலம். முதலில் செதிலுக்கடியில் கொசு கடித்ததுபோல ஒரு சிவப்பு. சில நாளில் அந்த இடத்துச் செதில் உதிர்ந்து, நடுவில் வெளுத்து, ஓரம் சிவந்த குழிப்புண் ஆகும். முற்றினால் சதை கரைந்து எலும்பு தெரியும். அபனோமைசஸ் என்ற பூஞ்சை போன்ற நீர்க்கிருமிதான் காரணம். அது திறந்த வாசல் வழியாக பாக்டீரியாக்களும் உள்ளே போகும். 1971-இல் ஜப்பானில் முதலில் தெரிந்த இந்த நோய், தென்கிழக்கு ஆசியா வழியாக 1988-இல் இந்தியாவுக்கு வந்தது. விராலும் குறவையும் சுலபமாக விழும், கட்லா, ரோகுவில் குஞ்சுகள் அதிகம் பாதிக்கப்படும், திலேப்பியா பெரும்பாலும் தப்பிக்கும். மழைத் தண்ணீர் காரத்தன்மையைக் குறைப்பதால், மழைக்காலம் தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் சென்ட்டுக்கு முக்கால் கிலோவுக்குக் குறையாமல் சுண்ணாம்பு போட்டு வைப்பது பாதி வைத்தியம். மீன் உள்ளே இருக்கும்போது சுட்ட சுண்ணாம்பைக் கல்லாகப் போடக்கூடாது. முந்தைய நாளே தொட்டியில் நீற்றி, ஆறவைத்து, காலையில் தெளியுங்கள். வயல் வாய்க்கால் தண்ணீர் குட்டைக்குள் வராமல் கரையை உயர்த்துங்கள். நோய் வந்தே விட்டால், புவனேஸ்வரத்து நன்னீர் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய சிஃபாக்ஸ் என்ற மருந்து இதற்கென்றே இருக்கிறது. 3-ஆம் குறிப்பில் சொன்ன குட்டைக்கு 34 மில்லி போதும்!

7. மீன் தண்ணீரை விட்டுத் துள்ளித் துள்ளி விழுகிறதா, கரையில் உடம்பைத் தேய்க்கிறதா? ஒன்றைப் பிடித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். துடுப்படியில் சின்னப் பொட்டுப்போல, தட்டையாக, கண்ணாடி நிறத்தில் ஒன்று நகர்ந்தால் அது மீன் பேன். கடினமான பொருள்மேல்தான் அது முட்டையிடும். எனவே குட்டையில் அங்கங்கே மூங்கில் குச்சியும் பழைய ஓடும் நட்டு வைத்து, நான்கைந்து நாளுக்கு ஒருமுறை எடுத்து வெயிலில் நன்றாகக் காய வைத்துத் திரும்ப நடுங்கள். செலவில்லாத வேலை இது. ஆனால் ஒரு முறை மறந்தால் அந்தக் குச்சியே பேன் பண்ணையாகிவிடும்.

8. வயிறு உப்பி, செதில் எல்லாம் விறைத்து நின்றால் நீர்க்கோவை. பெரும்பாலும் எரோமோனாஸ் பாக்டீரியாவின் வேலை. அந்த மீனை எடுத்துவிட்டு, தீவனத்தைப் பாதியாக்கி, தண்ணீரை மாற்றுங்கள். மனிதருக்கான ஆன்டிபயாடிக் மாத்திரையை நுணுக்கிக் குட்டையில் கொட்டும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது கழிவைச் சுத்தம் செய்யும் நல்ல பாக்டீரியாவையும் அழிக்கும். தப்பிய கிருமிக்கோ அந்த மருந்து பழகிவிடும். குளோராம்பெனிக்காலும் நைட்ரோஃபியூரானும் மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை.

9. கடலைப் புண்ணாக்கில் பூசணம் வாசம் வந்தால் மாட்டுக்கும் வேண்டாம், மீனுக்கும் வேண்டாம். புண்ணாக்கும் தவிடும் கலந்து, அடியில் ஓட்டை போட்ட சாக்கில் கட்டித் தொங்கவிட்டால் எவ்வளவு தின்றது என்று தெரியும். இரண்டு மணி நேரம் கழித்தும் மிச்சம் இருந்தால் மறுநாள் குறையுங்கள். மழை நாளிலும் குறையுங்கள்.

10. இரவல் வலை நோயின் வாகனம். அடுத்த குட்டையில் இழுத்த வலையை ஒரு நாள் முழு வெயிலில் காயப்போடாமல் உங்கள் தண்ணீரில் இறக்க விடாதீர்கள்.

11. செத்த மீனைக் கரைக்கு வெளியே குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். வாய்க்காலில் வீசினால் அடுத்தவர் குட்டைக்குப் போகும். கரையில் போட்டால் காக்கை தூக்கிவந்து திரும்ப உங்கள் குட்டையிலேயே போடும்.

12. சோதனைக்குக் கொண்டுபோவதாக இருந்தால் அழுகிய மீன் உதவாது. நோய் கண்ட மீனை உயிரோடு, குட்டைத் தண்ணீரிலேயே, காற்று நிரப்பிய பையில் கொண்டுபோங்கள். அது முடியாவிட்டால் செத்தவுடன் பனிக்கட்டிக்கு நடுவில் வைத்து எடுத்துப் போங்கள், உறைய வைக்காமல். தனியாக ஒரு பாட்டில் தண்ணீரும் வேண்டும். மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டால் எந்த ஆய்வகம் என்று சொல்வார்கள். கடைசியாகத் தீவனம் போட்டது, சுண்ணாம்பு போட்டது, மழை பெய்தது எந்தெந்த நாள் என்று ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போனால், பாதிக் கேள்வி குறையும்.

13. கையில் காலில் வெட்டுக்காயம் இருந்தால் குட்டையில் இறங்காதீர்கள். எரோமோனாஸ் மனிதர் புண்ணிலும் புகும். கெளுத்தி முள் குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீக்கம் ஏறினால் டாக்டரிடம் குட்டையில் குத்தியது என்பதைச் சொல்லுங்கள்.