காண்பார் முன் விலங்கின் ஒழுக்கம்

மனமுடைய உயிர்களைச் சஞ்ஞி என வழங்குகிறது தத்துவார்த்த சூத்திரம். விலங்குகதியிலும் சஞ்ஞிகள் உண்டு என்பது நம் கொள்கை. அம்மனம் தொழிற்படும் விதத்தை இக்கால உயிரியல் ஆய்வுகள் சில புலப்படுத்துகின்றன. அவற்றை ஈண்டுக் காண்போம்.

வானில் பருந்தின் உருவம் தோன்றினால் சேவல் எச்சரிக்கைக் குரல் எழுப்பும். ஆயின், தனித்திருக்கும்போது அவ்வளவாகக் குரல் கொடுப்பதில்லை. அருகில் பெட்டை இருப்பின் மிகுதியாகக் கொடுக்கிறது. பீட்டர் மார்லரும் உடனாய்வாளரும் 1986இல் இதனை வெளியிட்டனர். இரை கண்டபோதும் அவ்வாறே. பெட்டை இருந்தால் அழைக்கும். மற்றொரு சேவல் இருந்தால் அடங்கிவிடும். எனவே அது அச்சத்தாலும் பசியாலும் தானே பீறிடும் ஒலி மட்டுமன்று. கேட்பவர் யார் என்பதும் அதில் கலந்துள்ளது.

பவளப்பாறைகளில் துப்புரவு மீன் என்றொரு சிறுமீன் உண்டு. பெரிய மீன்களின் மேனியிலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்பது அதன் தொழில். அது விரும்புவதோ அம்மீன்களின் தோல்மேல் உள்ள வழவழப்பான படலத்தை! அதைக் கடித்தால் வந்த மீன் துடித்து விலகும். காத்திருக்கும் பிற மீன்களும் இதைக் கண்டு வேறிடம் நாடும். எனவே அவை காணும்போது துப்புரவு மீன் தன் விருப்பை அடக்கி ஒட்டுண்ணியையே உண்கிறது. ரெதுவான் பிஷாரியும் அலெக்சாண்டிரா கிரட்டரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இவ்வுண்மையைத் திறந்துவைத்தது.

இவை யாவினும் நம்மை வியக்கச் செய்வது அமெரிக்க மேற்குப் பகுதியின் புதர்க்காட்டு ஜே என்னும் பறவை. இது காக்கையினம், உணவை ஒளித்துவைத்துப் பின் எடுத்துண்ணும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நேத்தன் எமரி, நிக்கோலா கிளேட்டன் இருவரும் 2001இல் வெளியிட்ட சோதனையில், சில வேளை தனிமையிலும் சில வேளை வேறொரு பறவை காணவும் இவை உணவை ஒளித்தன. பின்னர்த் தனித்துவிட்டபோது, பிறர் காண ஒளித்ததைத் தோண்டியெடுத்துப் புதிய இடத்தில் மறைத்தன. ஆனால் எல்லாப் பறவைகளும் அவ்வாறு செய்யவில்லை. முன்பு பிறர் பொருளைத் திருடிப் பழகியவையே செய்தன. திருடியறியாதவை வைத்தது வைத்தபடி விட்டன. கள்வனுக்கே களவச்சம் போலும்!

இது மாயை என்னும் கஷாயமா? அப்பறவை பிறர் உள்ளத்தை அறிகிறதா, பழக்கத்தால் செய்கிறதா என அறிஞரிடையே வாதம் உண்டு. நாமோ, மாயையே விலங்குப் பிறவிக்குக் காரணம் என அச்சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் கூறுவதை இங்கு நினைக்கிறோம். சஞ்ஞி விலங்குகள் ஐந்தாம் குணஸ்தானம்வரை ஏறி அணுவிரதம் ஏற்கவல்லன என்பதும் நம் ஆகமக் கருத்தே. ஒளிக்கவும் அடக்கவும் வல்ல மனத்துக்கு விரதம் ஏற்கும் ஆற்றலைக் கூறியதில் வியப்பில்லை.