எலும்பு நோய்களும் வலியின் சாட்சியும்

மானிட சரீரத்தை ஒரு வீட்டிற்கு ஒப்பிட்டுரைத்தல் பழைய வழக்கம். எலும்புகள் தூண்கள், தசைகள் கயிறுகள், மூட்டுகள் கதவின் கீல்கள் என்று பள்ளிப் பருவத்தில் யாவரும் படித்திருக்கின்றோம். இவ்வுவமை ஓரளவிற்கே பொருந்தும். தூண் உயிரற்றது, எலும்போ இரத்தம் ஊடுருவப்பெற்று, நாள்தோறும் கரைந்தும் வளர்ந்தும் தன்னைப் புதுக்கிக்கொள்வது. வளர்ந்த மனிதனுக்கமைந்த 206 எலும்புகளுள் ஒன்று முறியுங்கால், அவ்வெலும்பு மாத்திரமன்றி, அதனைச் சூழ்ந்த தசையும் நரம்பும் இரத்தக் குழாயும் இடருறலாம். முறிந்த எலும்பு பெரும்பாலும் கூடிவிடும். சூழ்ந்திருப்பவை கெட்டாலோ அங்கமே பயனற்றுப்போம். ஆதலின் தாதியானவள் எதை எவ்வாறு சோதித்தறிய வேண்டுமென்பதையும், நோயாளி கூறும் வலிக்கு எவ்வளவு செவிகொடுக்க வேண்டுமென்பதையும் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

சோதனை கட்டிலருகே தொடங்குவதன்று. நோயாளி வாசலைக் கடந்து நடந்துவரும்போதே தொடங்குகின்றது. எக்காலை ஊன்ற அஞ்சுகின்றான், நாற்காலியினின்று எழுங்கால் எக்கையின் துணையை நாடுகின்றான், சட்டையைக் கழற்றுகையில் எத்தோளை உயர்த்த இயலாது தவிக்கின்றான் என்பவற்றைக் கண் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் வினவுதல், அதன்பின் நோக்குதல், தொடுதல், அசைத்தல் என்பது வரிசை. இவ்வரிசையை மாற்றி, நோவுள்ள இடத்தை எடுத்தவுடன் அழுத்திவிட்டால், நோயாளி அஞ்சித் தசைகளை இறுக்கிக்கொள்வான். அப்பாற் செய்யுஞ் சோதனை யாவும் பழுதாம். குழந்தைகளிடத்து நல்ல அங்கத்தையே முதலில் தொடவேண்டும். அச்சம் நீங்குவதோடு, அப்பிள்ளைக்கு இயல்பான அளவு இன்னதென்பதும் அதனால் தெரியவரும். அவரவர் உடம்பின் மறுபக்கமே சிறந்த அளவுகோல்.

வினவுமிடத்து மாணவியர் பலர், "எங்கே வலிக்கிறது?" என்பதோடு நின்றுவிடுகின்றனர். எப்பொழுது வலிக்கிறது என்பது அதனினும் பயனுள்ள கேள்வி. மூட்டின் குருத்தெலும்பு தேய்வதனாலாகும் நோயில் நடந்த பின்னர் வலி மிகும். காலை விறைப்பு பெரும்பாலும் அரைமணி நேரத்திற்குள் நீங்கும். முடக்குவாதத்திலோ அவ்விறைப்பு ஒருமணி நேரத்திற்கு மேலும் நீடித்து, இருகைகளின் சிறு மூட்டுகளையும் ஒருங்கே பற்றுவது வழக்கம். இரவில் திடீரெனக் கால் பெருவிரலின் அடிமூட்டு சிவந்து வீங்கி, போர்வை படினும் பொறாததாயின், யூரிக் அமிலம் படிவதாலாகும் நோயை ஐயுறலாம். ஆனால் ஒரே மூட்டு சிவந்து வெதும்பி, உடன் சுரமும் இருப்பின், உள்ளே சீழ் பிடித்திருத்தல் கூடும். அதனை அப்பொழுதே ரணவைத்தியர்க்கு அறிவிக்க வேண்டும்; தைலந் தடவிக் காத்திருந்தால் மூட்டு அழியும். நாட்பட்ட முதுகுவலியோடு மாலைச் சுரமும் உடல் மெலிவும் சேருமாயின், 1779-ல் பெர்சிவால் பாட் என்னும் ஆங்கில ரணவைத்தியர் விவரித்த முதுகெலும்புக் க்ஷயம் நினைவிற்கு வரவேண்டும்.

வழுக்கி விழுந்த மூதாட்டியின் கால் மறுகாலினுங் குறுகி, பாதம் வெளிப்புறமாய்ச் சாய்ந்து கிடப்பின், எக்ஸ்-ரே படம் எடுக்குமுன்னரே தொடையெலும்பின் மேற்பகுதி முறிந்ததென ஐயுறலாம். அத்தகையாரை எழுந்து நிற்கச் சொல்லலாகாது. தசை வலிமையை அளக்க, பிரிட்டனின் வைத்திய ஆராய்ச்சிக் குழுவினர் 1943-ல் வெளியிட்ட முறை இன்றும் வழங்குகின்றது. அசைவே இல்லையேல் 0, தசையில் துடிப்பு மாத்திரமாயின் 1, புவியீர்ப்பு எதிர்க்காதவாறு கிடத்தியபோது அசையின் 2, புவியீர்ப்பை எதிர்த்து உயர்த்தின் 3, நம் கை தடுப்பதையும் ஓரளவு எதிர்ப்பின் 4, முழுவலிமை 5. "சற்றுத் தளர்ச்சி" என்றெழுதி வைத்தால், அடுத்த வேளைப் பணிக்கு வருபவள் அதிலிருந்து யாதொன்றும் அறியாள்.

இவையெல்லாம் ஆற அமரச் செய்யத்தக்கவை. ஆற அமரச் செய்யலாகாத நிலையொன்றுண்டு. ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் கொய்யா மரத்திலிருந்து விழுந்து, முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்து, மாலையில் மாவுக்கட்டுப் போடப்பெற்று வார்டில் கிடக்கின்றான் என்று வைத்துக்கொள்வோம். நடுநிசியில் அழுகின்றான். வலிக்கு மருந்து கொடுத்தும் அழுகை ஓயவில்லை. மணிக்கட்டில் நாடி நன்றாகவே துடிக்கின்றது. விரல்கள் வெதுவெதுப்பாகவே உள்ளன. "பிள்ளை பயந்திருக்கிறான் அம்மா, சற்று நேரத்தில் தூங்கிவிடுவான்" என்று தாயைத் தேற்றிவிட்டு அகல்வது எளிது. கை இழக்கப்படுவது அவ்விடத்திலேதான்.

காரணம் யாதெனில், முன்கையின் தசைகள் விரிந்து கொடாத கடுஞ்சவ்வினாலாகிய அறைகளுள் அடங்கியுள்ளன. அடிபட்ட தசை வீங்குங்கால் அறை விரிவதில்லை, உள்ளழுத்தமே உயர்கின்றது. அவ்வழுத்தம் நுண்ணிய இரத்தக் குழாய்களை முதலில் அடைத்துவிடும். பெருந்தமனி அடைபடுவது கடைசியில், சில வேளை அடைபடாமலே போவதும் உண்டு. ஆகவே நாடி துடித்துக்கொண்டிருக்கவே தசை மடியக்கூடும். ஏறத்தாழ ஆறு மணி நேரம் இந்நிலை நீடிப்பின் தசையும் நரம்பும் மீளாக் கேடடையும். பின்னர்த் தசை நாராய்ச் சுருங்கி, விரல்கள் பறவையின் நகம்போல் மடங்கிவிடும். இறுகக் கட்டிய கட்டுகளால் இது நேர்வதை ஜெர்மனியில் ஹாலே நகரத்து ரணவைத்தியர் ரிச்சர்ட் வான் வோல்க்மன் 1881-ல் விளக்கி எழுதினார்; அச்சுருக்கம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

அச்சிறுவனுக்குச் செய்யவேண்டிய சோதனை ஒரு நிமிஷத்திற்குள் முடிவது. மடங்கியிருக்கும் விரல்களை மெதுவாக நீட்டுக. முன்கை முழுவதும் நோவெடுத்து அலறுவானாயின், அதுவே தலையாய குறி. ஆட்காட்டி விரலின் நுனி, சுண்டுவிரலின் நுனி, பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட புறங்கை என்னும் மூன்றிடங்களையும் தொட்டு, மரத்திருக்கின்றதா என்று வினவுக. கைக்குச் செல்லும் மூன்று நரம்புகளுக்கு இவை சாட்சி. வெளுப்பும் அசைவின்மையும் நாடியறுதலும் வரட்டுமென்று காத்திருக்கலாகாது. ரணவைத்தியரை உடனே எழுப்பி, மருந்துக்கு அடங்காத வலி என்பதை அச்சொற்களாலேயே அறிவிக்கவேண்டும். மாவுக்கட்டும் உட்பஞ்சும் தோல் தெரியுமட்டும் பிளக்கப்படல் வேண்டும். கையை உயரத் தூக்கிக் கட்டினால் இரத்தம் ஏறுவது குறையும். தொங்கவிட்டால் வீக்கம் மிகும். மார்பின் மட்டத்தில் வைப்பதே முறை. சவ்வைக் கீறி அறையைத் திறக்க நேரலாமாதலின் உணவும் நீரும் நிறுத்தப்படும்.

நம் நாட்டில் முறிவுற்ற பிள்ளையை முதலில் நாட்டுக் கட்டுக்காரரிடம் கொண்டுசெல்வோர் பலர். அவருள் கைதேர்ந்தோர் இலர் என்று யாம் சொல்லோம். மூங்கிற்பத்தை வைத்து இறுகக் கட்டிவிட்டு, வீக்கம் ஏறிய பின்னும் தளர்த்தாமல் விடுவதே தீங்கு. அவ்வாறு வந்தோரைத் தாதி கடிந்துகொள்வது பெரும்பிழை. கடிந்தால் பெற்றோர் கட்டுப்போட்ட நேரத்தை மறைப்பர். நமக்கு வேண்டியதோ அந்நேரமே. "எப்பொழுது கட்டினீர்கள்? விரல் எப்பொழுது மரத்தது?" என்று தாழ்ந்த குரலில் கேட்டு, மணியைக் குறித்துக்கொண்ட பின்னரே மற்றவை.

இதுகாறும் வலியுள்ளாரைப் பற்றிக் கூறினோம். வலி அறியாதார் நிலை வேறு. கொல்லிமலையில் 1914-ல் பிறந்து, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த ரணவைத்தியர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமே உதிர்வதில்லையென்றும், உணர்ச்சியற்றமையால் சூடும் காயமும் தெரியாமற்போய்ச் சிதைகின்றனவென்றும் விளக்கினார். நீரிழிவினால் கால் மரத்தவர்க்கும் இது பொருந்தும். அத்தகையார் காலில் மாவுக்கட்டு இருக்குங்கால், உள்ளே புண் உண்டாயினும் அவர் முறையிடார். அவரிடத்து, "வலிக்கிறதா?" என்று கேட்டு, "இல்லை" என்ற விடையை எழுதிக்கொண்டு போதலில் பயனில்லை. கட்டின்மேல் உள்ளங்கையை வைத்து, ஓரிடம் மாத்திரம் சூடாயிருக்கின்றதா என்று பார்க்கவேண்டும். ஓரங்களில் மூக்கை வைத்து நாற்றம் உண்டா என்று நோக்கவேண்டும். கட்டின்மேல் ஊறிய கறையின் விளிம்பைப் பென்சிலால் வரைந்து, அருகே மணியை எழுதிவைத்து, அடுத்த வேளை அக்கறை கோட்டைத் தாண்டியதா என்று பார்க்கவேண்டும்.