நகைப்பொருளாகும் பெண்மூப்பு: ‘தி எம்பரர்ஸ் நியூ குரூவ்’ அசைவூட்டப்படத்தை முன்வைத்து

நகைக்குரிய நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலையும் இளமையையும் எண்ணிய தொல்காப்பியம் மூப்பை எண்ணவில்லை. சிறார்க்கான அசைவூட்டப்படங்களிலோ மூப்பு, அதிலும் பெண்ணின் மூப்பு, எள்ளலுக்கு எளிதில் இலக்காகிறது. டிஸ்னி நிறுவனம் 2000இல் வெளியிட்ட ‘தி எம்பரர்ஸ் நியூ குரூவ்’ இதற்குத் தக்க சான்று. இளம்பேரரசன் குஸ்கோ, மணத்தேர்வுக்கு நிறுத்தப்பட்ட பெண்களை இகழ்ந்து ஒதுக்குகிறான். ஆலோசகர் இஸ்மாவின் முகச்சுருக்கங்களை எள்ளுகிறான். இஸ்மா கொலைச்சூழ்ச்சி செய்யும் எதிர்மாந்தர் ஆதலின் இவ்வெள்ளல் பொருந்தும் எனலாம். கதைநிரல் அதற்கு இடந்தரவில்லை. பதவிநீக்கும் வேளையிலேயே எள்ளல் நிகழ்ந்துவிடுகிறது. சூழ்ச்சி அதன் பின்னரே பிறக்கிறது.

குஸ்கோவின் செருக்கைப் படம் கண்டிக்கவே செய்கிறது என்பது வலுவான மறுப்பு. தொடக்கத்தில் சாளரத்தின் வழியே வீசியெறியப்பட்ட முதியவரிடம் அவன் இறுதியில் மன்னிப்பு வேண்டுகிறான். ஆயின் அம்முதியவர் ஆண். மணப்பெண்களுக்கு அத்தகைய மன்னிப்பு இல்லை. இஸ்மாவோ பூனைக்குட்டியாக எஞ்சுகிறாள். மேலும், இவ்வெள்ளல் குஸ்கோவின் பார்வை மட்டுமன்று. ஒரு காட்சியில் இஸ்மா தன் ஆடையை உயர்த்தத் தொடங்கியதும் குஸ்கோவுடன், படத்தின் அறக்குரலாக விளங்கும் குடியானவன் பாச்சாவும் அருவருத்து அஞ்சுகிறான். அவள் எடுத்தது குத்துவாள் என அறிந்ததும் இருவரும் ஆறுதல் கொள்கின்றனர்.