வானத்தில் நண்பனை அறிவது எப்படி?



விடுதியில் தங்கிப் படிக்கும் எங்கள் துணிகளில் எல்லாம் சலவைக்காரர் மையால் போட்ட ஓர் எண் இருக்கும். என்னுடையது 43. எல்லாப் பாவாடையும் ஒரே நீலம், எல்லாச் சட்டையும் ஒரே வெள்ளை என்னும்போது அந்த எண்தான் என் சட்டையை என்னிடம் கொண்டுவந்து சேர்க்கிறது. இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டிஷ் விமானங்களின் படங்களை நூலகத்தில் பார்த்தபோது எனக்கு இந்தச் சலவைக்குறிதான் நினைவுக்கு வந்தது.

விமானத்தின் உடலில் ஒரு வட்டச் சின்னம். அதன் ஒரு பக்கம் இரண்டு எழுத்துகள். மறு பக்கம் ஓர் எழுத்து. இரட்டை எழுத்து படைப்பிரிவைக் குறிக்கும். ஒற்றை எழுத்து அந்தப் பிரிவில் அது எந்த விமானம் என்று காட்டும். வாலின் அருகே சிறிய பதிவு எண் ஒன்றும் உண்டு. பதிவு எண் மாறாது, எழுத்துகள் மாறும். ஒரு விமானம் திரும்பி வராவிட்டால் அதன் எழுத்தைப் புதிதாய் வரும் விமானத்துக்குக் கொடுப்பது வழக்கம்.

617ஆம் பிரிவின் எழுத்துகள் 'ஏ.ஜே.'. அதன் தலைவர் கை கிப்சன் ஓட்டிய விமானம் 'ஏ.ஜே.-ஜி'. வானொலியில் பி, டி, ஜி எல்லாம் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும் அல்லவா? ஆகவே 'ஜி'யை 'ஜார்ஜ்' என்றே அழைத்தார்கள். 1943 மே 16ஆம் நாள் இரவு ஜெர்மனியின் அணைகளைத் தகர்க்க அப்பிரிவின் 19 விமானங்கள் புறப்பட்டன. 'ஜார்ஜ்' திரும்பியது. எட்டு விமானங்கள் திரும்பவில்லை. 53 வீரர்கள் இறந்தார்கள். அணை உடைந்த வெள்ளத்தில் மாண்டவர்களோ ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் பலர் வேற்று நாடுகளிலிருந்து பிடித்து வரப்பட்ட தொழிலாளர் என்று படித்தபோது, அழகான அந்த எழுத்துகளை மறுபடி பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

வட்டச் சின்னத்தின் கதை முதல் உலகப் போரில் தொடங்குகிறது. 1914இல் பிரிட்டிஷார் தங்கள் கொடியையே இறக்கையில் தீட்டினார்கள். கீழிருந்து பார்த்தால் கொடியிலுள்ள சிலுவை ஜெர்மானியரின் சிலுவைக்குறி போலத் தெரிந்தது. சொந்த நாட்டுச் சிப்பாய்களே சுட்டார்கள்! பிறகுதான் பிரெஞ்சுக்காரரின் வட்டத்தை எடுத்து நிறங்களை மாற்றிக்கொண்டார்கள். பிரெஞ்சு வட்டத்தில் நடுவில் நீலம். பிரிட்டிஷ் வட்டத்தில் நடுவில் சிவப்பு.

அடுத்த போரில் அந்தச் சிவப்பே தொல்லையாயிற்று. ஜப்பானின் அடையாளம் சிவப்பு வட்டம். ஆகவே 1942இல் அமெரிக்கர் தம் நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்புப் பொட்டை அழித்தனர். இந்தியா, பர்மா பகுதியில் பிரிட்டிஷாரும் சிவப்பைக் கைவிட்டனர். பர்மாப் போரில் பறந்த நம் இந்திய விமானப் படையின் விமானங்களும் சிவப்பில்லாத வட்டத்தையே தாங்கின.

குறி இருந்தும் பிழை நேர்ந்ததுண்டு. பிரிட்டன் போரில் இறங்கி மூன்றே நாள் ஆகியிருந்தது. 1939 செப்டம்பர் 6ஆம் நாள் காலை, எதிரி வருவதாகத் தவறான எச்சரிக்கை. 56ஆம் பிரிவின் ஹரிக்கேன் விமானங்கள் எழும்பின. அவற்றையே எதிரி என்று எண்ணி 74ஆம் பிரிவின் ஸ்பிட்ஃபயர்கள் பாய்ந்தன. இரண்டு ஹரிக்கேன்கள் வீழ்ந்தன. மான்டேகு ஹல்டன்-ஹாரப் என்ற விமானி உயிரிழந்தார். அப்போரில் இறந்த முதல் பிரிட்டிஷ் சண்டை விமானி அவரே. அவரைக் கொன்றது பிரிட்டிஷ் குண்டு. சுட்ட இருவரை இராணுவ நீதிமன்றம் விசாரித்துக் குற்றமில்லை என்று விடுவித்தது. வேகமாகப் பறக்கும்போது மூன்று எழுத்தை யார் நின்று வாசிக்க முடியும்? ராடாரில் 'நான் நண்பன்' என்று அறிவிக்கும் கருவியை விமானங்களில் பொருத்தும் வேலை இதன் பிறகு விரைவுபட்டது.

ஆனால் கப்பலில் பீரங்கியுடன் நிற்பவனுக்குக் கண்தானே கருவி? 1943 ஜூலை 11ஆம் நாள் இரவு, சிசிலித் தீவுக்குப் பாராசூட் வீரர்களை ஏற்றிச் சென்ற 144 அமெரிக்க விமானங்களில் 23 விமானங்களைத் தம்மவரே வீழ்த்தினார்கள்.

ஆதலால் 1944 ஜூன் 6ஆம் நாள் நார்மண்டியில் இறங்குமுன் புதிய வழி ஒன்று கண்டார்கள். இறக்கையிலும் உடலிலும் ஐந்து பட்டைகள்: மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு. ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஒவ்வொரு பட்டையும் 18 அங்குல அகலம். எதிரி பார்த்துப் போலி செய்துவிடக் கூடாது என்பதற்காகக் கடைசி இரண்டு மூன்று நாள் வரை இரகசியமாக வைத்திருந்து, பிறகு தூரிகையும் கையுமாக அவசர அவசரமாகத் தீட்டினார்கள். அன்றைய புகைப்படங்களில் பாருங்கள், பல பட்டைகள் நேராகவே இல்லை.