கோபத்துக்கு ஒரு வேலை கொடு

கோலா கங்சார்

அன்புள்ள தம்பிக்கு,

எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்ததிலிருந்து நீ யாரோடும் முகம்கொடுத்துப் பேசுவதில்லை, கேட்டால் கதவை அறைந்து சாத்துகிறாய் என்று உன் அம்மா சொன்னார். கோபமும் வருத்தமும் வரத்தான் செய்யும். வந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

‘கத்தித் தீர்த்துவிடு’ என்று சிலர் சொல்வார்கள். உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. தம்மைச் சீண்டியவரை நினைத்தபடி குத்துமூட்டையைக் குத்தியவர்கள், சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிகக் கோபத்தோடு இருந்தார்கள். கொட்டினால் மட்டும் போதாது தம்பி. உணர்ச்சிக்கு ஒரு வடிவம் கொடுக்க வேண்டும்.

ரப்பர் தோட்டத்து மக்கள் அதைச் செய்தார்கள். 1877இல் நம் ஊரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் மாவட்ட அலுவலகத்தருகே மரமாக நிற்கிறது. ரப்பர் பெருகித் தோட்டங்களானபோது பால்மரம் சீவ வந்தவர்கள் நம்மவர்கள். வேலை வாங்கிய கங்காணியை எதிர்த்துப் பேச முடியாதவர்கள் அவரைப் பாட்டில் வைத்து ஏசினார்கள். கப்பலேறி வந்த துயரத்தையும், ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பாதவர்களையும் பாடினார்கள். பாட்டு கூலியை உயர்த்தவில்லை. ஆனால் ஒருத்தியின் துக்கத்தை லயத்து வீடுகளெல்லாம் சேர்ந்து சுமக்க வைத்தது.

உனக்குப் பாட வராது. எழுது. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை வாட்டிய நிகழ்ச்சியை எழுதினார்கள். நடந்ததோடு அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், பிந்தைய மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருத்துவரிடம் போனார்கள். எழுதி முடித்ததும் மனம் கனக்கும், பயப்படாதே. பிழை பார்க்காதே, யாருக்கும் காட்டாதே, வேண்டுமானால் கிழித்துப் போடு. ஒரே புலம்பலை நான்கு நாளும் எழுதாமல், ‘ஏன் இப்படி ஆனது’, ‘இனி என்ன’ என்று நகர்த்திக்கொண்டு போ.

எழுத்தும் ஓடாத நாளில் கைக்கு வேலை கொடு. ஆற்றுக்கு அக்கரையில், சாயோங்கில், சுரைக்காய் வடிவத்தில் ‘லாபு சாயோங்’ மண்கூஜா செய்கிறார்களே, ஒருமுறை போய்ப் பார். சுட்ட சூட்டோடு உமியில் இட்டுப் புகையேற்றினால்தான் அதன் கறுப்பு நிறம் வரும். களிமண்ணில் கை அவசரப்பட்டால் கலம் கோணிவிடும்; அங்கே நிதானம் தானாக வந்துவிடும். உறுமி மேளம் பழகுவதும் கோலம் போடுவதும் அம்மாவோடு சப்பாத்தி மாவு பிசைவதும்கூட இப்படித்தான்.

வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லாமல் போனாலோ, சாகலாம் என்ற எண்ணம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாலோ, அது நோட்டுப் புத்தகத்தோடு முடிகிற காரியமல்ல. உடனே எங்களில் ஒருவரிடம் சொல்; சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்கும் அழைக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்றிரவு கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு 15 நிமிடம் உட்கார்ந்து எழுது. நாலு நாள் கழித்து எனக்குப் பதில் போடு.

அன்புடன்,
உன் மாமா