லினக்ஸுக்கு மாறும் அலுவலகம் எங்கே தொடங்க வேண்டும்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பல அலுவலகக் கணினிகளில் விண்டோஸ் 11 ஏறாது. அவற்றைக் கழித்துக்கட்ட வேண்டியதில்லை. லினக்ஸ் போட்டால் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். ஆனால் எடுத்த எடுப்பிலேயே லினக்ஸைப் போட்டுவிடாதீர்கள். இயங்குதளம் கடைசியில்தான் மாற வேண்டும்.

பிரான்சின் ஜாந்தர்மெரி காவல் படை அப்படித்தான் செய்தது. 2005-இல் ஓப்பன் ஆபீஸ், 2006-இல் ஃபயர்ஃபாக்ஸும் தண்டர்பேர்டும், 2008 முதல் உபுண்டு. உபுண்டு வந்தபோது காவலர்களுக்கு அன்றாட மென்பொருள்கள் ஏற்கெனவே பழகியிருந்தன.

முதல் வேலை கணக்கெடுப்பு. ஒரு நோட்டோடு மேசை மேசையாகப் போய் உட்காருங்கள். யார் எந்த மென்பொருளில் வேலை செய்கிறார், எந்த பிரிண்டர், எந்த ஸ்கேனர், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் யாரிடம் இருக்கிறது என்று எழுதுங்கள். அந்த டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று இப்போதே விசாரியுங்கள். மார்ச் மாதக் கடைசியில் தெரியவந்தால் பில் நின்றுவிடும். டேலி விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. அந்த மேசையை அப்படியே விட்டுவிடுங்கள், நூற்றுக்கு நூறு என்ற பிடிவாதம் வேண்டாம்.

அடுத்து, இருக்கிற விண்டோஸிலேயே லிப்ரே ஆபீஸையும் ஃபயர்ஃபாக்ஸையும் போட்டு ஆறு மாதம் புழங்க விடுங்கள். வெளியே அனுப்புவது பிடிஎஃப் ஆக இருக்கட்டும்.

தமிழில் இயங்கும் அலுவலகங்களுக்கு உண்மையான சிக்கல் பழைய எழுத்துருக்கள்தான். வானவில், பாமினி போன்றவற்றில் அடித்த கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுப்பது எழுத்துரு. அது இல்லாத கணினியில் திறந்தால், பாமினியில் அடித்த 'தமிழ்' என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். "லினக்ஸ் என் ஃபைலைக் கெடுத்துவிட்டது" என்பார் ஊழியர். அன்றோடு திட்டம் படுத்துவிடும். ஆகவே விண்டோஸில் இருக்கும்போதே எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் தொகுப்பு இதற்கு உதவும். ஆனால் மாற்றும் நிரலுக்கு நிஜமான ஆங்கிலம் எது என்று தெரியாது. பெயரின் ஆங்கில இனிஷியல், சர்வே எண்ணில் உட்பிரிவைக் காட்டும் ஆங்கில எழுத்து ஆகியவற்றையும் தமிழாக்கிவிடும். பட்டா, வாரிசு தொடர்பான கோப்புகளைக் கண்ணால் ஒருமுறை சரிபார்க்காமல் மூடாதீர்கள்.

தட்டச்சுக்கு ஐபஸ், எம்17என் என்ற உள்ளீட்டு மென்பொருள்கள் இரண்டையும் நிறுவினால் தமிழ்99, பழைய டைப்ரைட்டர், ஒலிபெயர்ப்பு என எல்லா விசைப்பலகைகளும் கிடைக்கும். கை பழகியவரை வேறு முறைக்கு இழுக்காதீர்கள். முப்பது ஆண்டுகளாகத் தட்டச்சு செய்த ஓர் அம்மா லினக்ஸ் திரையைப் பார்த்துத் தயங்கினார். டைப்ரைட்டர் முறை அப்படியே வந்ததும், திரையைப் பார்க்காமலே ஒரு பக்கம் அடித்து முடித்தார். அதற்குப் பிறகு அந்த அறையில் மற்றவர்களிடம் நான் பேச வேண்டியிருக்கவில்லை.

இப்போது பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். பிரிண்ட் வருகிறதா, ஸ்கேன் ஆகிறதா, டோக்கன் திறக்கிறதா? வந்தால் ஓர் அறையில் மட்டும் நிறுவுங்கள். எல்லா மேசைக்கும் ஒரே லினக்ஸ் வழங்கல் (டிஸ்ட்ரோ) இருக்கட்டும். ஐந்தாண்டு புதுப்பிப்பு கிடைக்கும் உபுண்டு எல்டிஎஸ் நல்ல தேர்வு. பழைய கணினியில் ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றுங்கள், வேகம் கண்கூடாகத் தெரியும்.

லைசென்ஸில் மிச்சமாகும் பணத்தைப் பயிற்சிக்கும், கூப்பிட்டால் வந்து நிற்கும் ஆளுக்கும் ஒதுக்குங்கள். பணம் மட்டும் போதாது, மேலிடத்தின் ஆதரவும் வேண்டும். ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2013-க்குள் சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2017-இல் நகர மன்றம் விண்டோஸுக்குத் திரும்ப முடிவெடுத்தது. மேலே இருப்பவர்கள் மாறினால் எந்தத் திட்டத்துக்கும் இது நேரும். அதற்குக் காப்பாக நம் கையில் மத்திய அரசின் 2015-ஆம் ஆண்டு திறமூல மென்பொருள் கொள்கை இருக்கிறது. அதைக் குறிப்பிட்டுக் கோப்பு எழுதி, துறைத் தலைவரின் கையெழுத்தை வாங்கிய பிறகு நோட்டை எடுங்கள்.